நாடுகள் சேர்ந்த நாடு



அம்பாங்கில் நம் சங்க உறுப்பினர் ஒருவர் வீட்டில் நிக்காஹ் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை வீடு ஜாலான் அம்பாங்கின் கோலாலம்பூர்ப் பக்கம். பெண் வீடு அம்பாங் பாயிண்டுக்குப் பின்னால். மோட்டார் சைக்கிளில் போனால் பத்து நிமிடம். ஆனால் மாப்பிள்ளை கூட்டரசுப் பிரதேசத்துச் சமய இலாகாவிலும், பெண் சிலாங்கூர் சமய இலாகாவிலும் தனித்தனியே மனுச் செய்து தாள் வாங்க வேண்டியிருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த பெரியத்தா இந்த அலைச்சலைப் பார்த்துவிட்டு, "ஊரிலே ஜமாஅத் தஃப்தரில் ஏற்றினால் முடிந்தது. இங்கே என்னத்தா, இரண்டு நாட்டுக் கல்யாணம் மாதிரி அலைகிறீர்கள்?" என்று கேட்டார்.

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். வரலாற்றைப் புரட்டினால் அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. நாம் வாழும் மலேசியா ஒரே நாடாகப் பிறந்து பிறகு மாநிலங்களாகப் பிரிக்கப்பட்டது அல்ல. தனித்தனி நாடுகளாக இருந்தவை ஒன்று சேர்ந்து பெரிய நாடானது. அந்தச் சிறு நாடுகளின் சுவடுதான் நம் திருமண மனுவிலும் ஜகாத் ரசீதிலும் கடை விடுமுறையிலும் இன்றும் தெரிகிறது. பொன்விழாக் காணும் நம் சங்கத்துக்கும் இந்தக் கதையில் பாடம் உண்டு என்பதால் இதை எழுதுகிறோம்.

மாநிலத்தை மலாய் மொழியில் 'நெகிரி' என்கிறோம். வடமொழியின் 'நகரி' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. பழைய மலாய் நூல்களில் நெகிரி என்றால் தனி அரசன் ஆளும் நாடு. தமிழர்களான நமக்கு இது எளிதில் விளங்கும். சோழ நாடு, பாண்டிய நாடு, தொண்டை நாடு என்று வழங்கியவர்கள் நாம். 1969 சனவரி 14 முதல் சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' என்ற பெயரைப் பெற்றபோது, இந்தியா என்ற நாட்டுக்குள் ஒரு நாடு இருப்பதாக யாரும் திகைக்கவில்லை. பெரிய வீட்டுக்குள் அறைகள் இருப்பதுபோல, நாட்டுக்குள் நாடு இருக்கலாம் என்பது நம் மொழிக்குப் பழகிய எண்ணம்.

முன்ஷி அப்துல்லா பார்த்த நாடுகள்

மலாய் இலக்கியத்தில் புது வழி கண்டவராகப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாவை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. ஏமனிலிருந்து நாகூர் வந்த அரபு முன்னோர் ஒருவர் அங்கே ஒரு தமிழ்ப் பெண்ணை மணந்தார். அந்தக் குடும்பத்தில் மலாக்காவில் பிறந்தவர் அப்துல்லா. அந்நாளில் மலாக்காவின் வணிக மொழிகளில் தமிழும் ஒன்று. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்பிப்பது நல்ல குடும்பங்களின் வழக்கமாக இருந்தது. அப்துல்லாவும் அப்படிக் கற்றவர்தான்.

1838-இல் அவர் சிங்கப்பூரிலிருந்து கிளந்தானுக்குக் கப்பலேறினார். கிளந்தானில் உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர் வணிகர்களின் சரக்கு அங்கே மாட்டிக்கொண்டது. அங்குள்ள அரச குடும்பத்தாருக்குச் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய கடிதங்களை அப்துல்லாவின் குழு சுமந்து சென்றது. வழியில் பகாங், திரெங்கானு எல்லாவற்றையும் பார்த்துப் பயண நூல் எழுதினார். அந்நூலில் அவை அந்நிய நாடுகளாகவே தெரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசர், தனிச் சட்டம், தனி வரி, தனி வழக்கம். ஒரே மொழி பேசினாலும், ஒரே மார்க்கத்தைப் பின்பற்றினாலும், அவை தனித்தனி நாடுகள்.

நம் முன்னோர் கால் பதித்த மூன்று துறைமுகங்களின் கதை வேறு. மலாக்காவில் 1748-லேயே கம்போங் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. பினாங்கில் 1801-இல் காதிர் முகைதீன் மரைக்காயர் காலத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826-இல் சூலியா பள்ளிவாசல் எனப்படும் ஜாமிஆ பள்ளிவாசலும் தோன்றின. இம்மூன்று ஊர்களும் 1826-இல் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் இணைக்கப்பட்டன. 1867 வரை அவற்றின் நிர்வாகம் இந்திய அரசின் கீழ் இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய வணிகர், ஆட்சியைப் பொறுத்தவரை ஒரே அரசின் எல்லைக்குள்தான் இருந்தார். ஆனால் பினாங்கிலிருந்து கண்ணுக்குத் தெரியும் கெடாவுக்குப் படகேறினால் அது வேறு நாடு. கடல் தாண்டியது ஒரே அரசு, கால்வாய் தாண்டியது வேற்று நாடு. அந்நாளைய வரைபடம் அப்படி இருந்தது.

அம்பாங் ஈயமும் அடுத்த நாட்டுப் படையும்

நம் அம்பாங்கின் பிறப்பே இதற்குச் சாட்சி. 1857-இல் கிள்ளானின் தலைவர் ராஜா அப்துல்லாவும் லுக்குட்டின் ராஜா ஜுமாஅத்தும் 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார்கள். இன்று மஸ்ஜித் ஜாமிக் நிற்கும் ஆற்றுச் சங்கமத்தில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்து, அவர்கள் ஈயம் தோண்டத் தொடங்கிய இடம் அம்பாங். ஒரு மாதத்துக்குள் 69 பேர் காய்ச்சலில் இறந்தார்கள், 18 பேர்தான் மிஞ்சினர். பிறகு மேலும் 150 பேர் அனுப்பப்பட்டார்கள். இந்த முயற்சிக்கான பணம் சிலாங்கூரில் திரட்டியது அல்ல, மலாக்கா வணிகர்களிடம் வாங்கியது. அதாவது வெளிநாட்டு முதலீடு!

ஈயம் செல்வத்தைக் கொண்டுவந்தது, செல்வம் சண்டையைக் கொண்டுவந்தது. 1867 முதல் 1873 வரை சிலாங்கூரில் உள்நாட்டுப் போர். ராஜா மஹ்தி ஒரு பக்கம். சுல்தான் அப்துல் சமது தம் மருமகனாகிய தெங்கு கூடினை நாட்டைக் கவனிக்க நியமித்தார். தெங்கு கூடின் கெடா இளவரசர். சிலாங்கூர்த் தலைவர்கள் பலர் அவரை வேற்று நாட்டார் என்றே ஒதுக்கினர். கடைசியில் 1873-இல் கோலாலம்பூரை அவர் பக்கத்துக்கு மீட்டுத் தந்தது பகாங்கிலிருந்து வந்த படை. கெடாக்காரர் ஒருவர், பகாங்குப் படையோடு, சிலாங்கூரில் போரிட்டார். இன்றைய கண்ணுக்கு இது மூன்று மாநிலங்கள். அன்றைய கண்ணுக்கு மூன்று நாடுகள்.

நான்கு நாடுகளின் கூட்டு

இந்தச் சண்டைகளையே காரணமாக்கி ஆங்கிலேயர் உள்ளே வந்தனர். 1874 சனவரி 20-இல் பங்கோர் ஒப்பந்தத்தின் வழியே பேராக்கிலும், அதே ஆண்டில் சிலாங்கூரிலும் ரெசிடெண்ட் என்ற ஆலோசகர் அமர்த்தப்பட்டார். 1895-இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் ஒரு கூட்டில் சேரச் சுல்தான்கள் கையெழுத்திட்டனர். 1896 சூலை 1-இல் ஐக்கிய மலாய் மாநிலங்கள் நடைமுறைக்கு வந்தன. கோலாலம்பூர் தலைநகரமானது. மஸ்ஜித் இந்தியாவுக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கும் சுல்தான் அப்துல் சமது கட்டடம், அந்தக் கூட்டின் அரசாங்க அலுவலகமாக 1897-இல் திறக்கப்பட்டதுதான்.

பெயர் கூட்டாட்சி. நடந்ததோ ஒற்றை ஆட்சி. அதிகாரம் எல்லாம் கோலாலம்பூரில் இருந்த ஆங்கிலேய அதிகாரியிடம் குவிந்தது. 1903-இல் கோலாலம்பூரில் கூடிய ஆட்சியாளர்கள் அவையில் பேராக் சுல்தான் இத்ரிஸ் இதைப் பற்றி வெளிப்படையாகவே குறைப்பட்டார். கூட்டு என்று அழைத்துவிட்டு, வீட்டுக்காரரையே திண்ணையில் உட்கார வைப்பது எப்படி நியாயம் என்பதே அவருடைய மனக்குறை.

மற்ற நாடுகளின் கதை இன்னும் வேடிக்கை. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கின் மீதும் சயாம் கொண்டிருந்த மேலாதிக்கம், 1909-இல் பாங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் ஆங்கிலேயரிடம் போனது. கைமாறிய நாடுகளின் சுல்தான்கள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட அழைக்கப்படவில்லை. ஜொகூர் 1914-இல் ஆங்கிலேய ஆலோசகரை ஏற்றது. இந்த ஐந்தும் கூட்டில் சேராமலே நின்றன. ஆக, இரண்டாம் உலகப் போருக்கு முன் இச்சிறு தீபகற்பத்தில் மூன்று வகை ஆட்சிகள்: நீரிணைக் குடியேற்றங்கள், கூட்டில் சேர்ந்த நான்கு மலாய் நாடுகள், சேராத ஐந்து மலாய் நாடுகள்.

கேட்காமல் கட்டிய வீடு

போர் முடிந்ததும் ஆங்கிலேயருக்கு அவசரம் வந்தது. 1945 இறுதியில் சர் ஹெரால்ட் மெக்மைக்கேல் என்பவர் அரண்மனை அரண்மனையாகப் போய் ஒன்பது ஆட்சியாளர்களிடமும் கையெழுத்து வாங்கினார். 1946 ஏப்ரல் 1-இல் மலாயன் யூனியன் பிறந்தது. ஒன்பது மலாய் நாடுகளும் பினாங்கும் மலாக்காவும் ஒரே ஆட்சியின் கீழ். சிங்கப்பூர் மட்டும் தனியே வைக்கப்பட்டது. சுல்தான்களின் அதிகாரம் ஆங்கிலேய அரசிடம் போனது.

மலாய் மக்கள் பொங்கி எழுந்தனர். துக்கத்தின் அடையாளமாகச் சொங்கோக்கில் வெள்ளைத் துணி கட்டினர். ஆளுநர் பதவியேற்புக்கு ஆட்சியாளர்கள் போகவில்லை. 1946 மார்ச்சில் கோலாலம்பூர் கம்போங் பாருவில் கூடிய மலாய் மாநாட்டைத் தொடர்ந்து, மே 11-இல் ஜொகூர் பாருவில் அம்னோ தோன்றியது. அதுவரை தன்னைப் பேராக்காரன், கெடாக்காரன், ஜொகூர்க்காரன் என்றே எண்ணி வந்த மலாய்க்காரர், அத்தனை நாடுகளையும் தாண்டி ஒன்றாகக் கைகோர்த்தது அப்போதுதான். ஆங்கிலேயர் தாளில் கொண்டுவர நினைத்த ஒற்றுமை, அவர்களை எதிர்த்து நின்றபோது மனத்தில் வந்தது.

இதில் நம்மைப் பற்றிய ஒரு செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மலாயன் யூனியன் திட்டம் குடியேறி வந்தவர்களுக்கு எளிதில் குடியுரிமை தருவதாக இருந்தது. ஆயினும் அதற்காக வந்தேறிகளிடமிருந்து பெரிய குரல் எழவில்லை. பெரும்பாலோர் கண் ஊர்ப் பக்கமே இருந்தது. பணம் அனுப்பும் ஊர் ஒன்று, பிழைக்கும் ஊர் ஒன்று என்று இருந்தவர்களுக்கு, எந்த நாட்டுக்கு உரியவர் என்ற கேள்வி அப்போது அவசரமாகப் படவில்லை. அந்தத் தயக்கத்தின் விலையை அடுத்த தலைமுறை கொடுத்தது.

1948 பிப்ரவரி 1-இல் மலாயன் யூனியன் கலைக்கப்பட்டு மலாயாக் கூட்டரசு தோன்றியது. நிலப்பரப்பு அதேதான். அமைப்புதான் வேறு. ஆட்சியாளர்கள் தங்கள் நாடுகளில் நிலைத்தனர். பொதுவானவை கூட்டரசுக்குப் போயின. குடியுரிமை விதிகள் இறுகின. இரண்டு ஆண்டில் ஒரு வீட்டை இடித்து, அதே மனையில் வேறு வீடு கட்டியதுபோல இருந்தது.

அதே ஆண்டில் நம் தாயகத்தில் நடந்ததை இதோடு ஒப்பிடலாம். தனி மன்னர் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. நாகூரிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள காரைக்கால் 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்து, பிறகு இந்தியாவோடு சேர்ந்தது. நாகூர்க்காரரும் காரைக்கால்காரரும் சம்பந்தம் செய்துகொண்ட காலத்திலும், அவர்களுக்கிடையே இரண்டு ஐரோப்பிய அரசுகளின் எல்லை இருந்தது. இந்தியாவில் சமஸ்தானங்கள் கரைந்து மாகாணங்களுக்குள் போயின. மலாயாவில் நாடுகள் கரையவில்லை, கூடின. இரண்டும் ஒன்றாவதற்கான வழிகளே. ஆனால் வேறு வேறு வழிகள்.

சுழலும் அரியணை

1957 ஆகஸ்ட்டு 31-இல் மெர்டேக்கா. அரசியல் சட்டத்தை வரைந்த ரீட் ஆணையத்தில் ஐவர். இங்கிலாந்திலிருந்து இருவர், ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர், இந்தியாவிலிருந்து நீதிபதி மாலிக், பாகிஸ்தானிலிருந்து நீதிபதி அப்துல் ஹமீது. கூட்டாட்சியை அனுபவத்தில் கண்ட நாடுகளின் அறிவு அதில் கலந்தது. நிலமும் இஸ்லாமியச் சமய நிர்வாகமும் மாநிலங்களிடம் விடப்பட்டன. பாதுகாப்பு, வெளியுறவு, குடியுரிமை, நாணயம் ஆகியவை கூட்டரசுக்கு வந்தன. பெரியத்தாவை வியக்க வைத்த இரண்டு தாள்களின் வேர் இங்கேதான் இருக்கிறது. சிலாங்கூரில் மார்க்கத்தின் தலைவர் சிலாங்கூர்ச் சுல்தான். கோலாலம்பூரில் மாமன்னர்.

ஒன்பது அரசர்கள் உள்ள நாட்டுக்கு யார் அரசர்? இந்தக் கேள்விக்கு விடை நெகிரி செம்பிலானில் முன்பே இருந்தது. பெயரே 'ஒன்பது நாடுகள்' என்று பொருள்படும் அந்த மாநிலம், சிறு நாடுகள் கூடி உருவானது. அங்கே உண்டாங் எனப்படும் நான்கு தலைவர்கள் சேர்ந்து தங்கள் ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே முறையில், ஒன்பது ஆட்சியாளர்களும் கூடித் தங்களில் ஒருவரை 5 ஆண்டுகளுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுப்பது என்று முடிவாயிற்று. முதல் மாமன்னராக வந்தவரும் நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரகுமான்தான். கல்லாவில் உட்கார்ந்து நாள்தோறும் நாம் எண்ணும் வெள்ளி நோட்டுகளில் இருப்பது அவர் முகமே.

உலகில் இதற்கு நெருங்கிய உறவு என்று சொல்லத்தக்கது, நம் உறவினர் பலர் பிழைக்கப் போயிருக்கும் ஐக்கிய அரபு அமீரகம். 1971 டிசம்பர் 2-இல் ஆறு அமீரகங்கள் கூடின. 1972-இல் ராஸ் அல் கைமா ஏழாவதாகச் சேர்ந்தது. பஹ்ரைனும் கத்தாரும் பேச்சில் இருந்தும் சேராமல் தனி நாடுகளாயின. அங்கும் ஏழு ஆட்சியாளர்கள் கூடி 5 ஆண்டுக்கு ஒரு முறை தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அங்கே அந்தப் பதவி அபுதாபியிடமே இருந்து வருகிறது. இங்கே ஒன்பது வீட்டையும் சுற்றி வருகிறது. பெரிய மாநிலம், சிறிய மாநிலம் என்ற கணக்கு அதில் இல்லை. பெர்லிஸுக்கும் முறை வரும்.

கடல் தாண்டிய கூட்டும் ஒரு பிரிவும்

1961 மே 27-இல் சிங்கப்பூரில் துங்கு அப்துல் ரகுமான் ஆற்றிய உரையில் மலேசியா என்ற எண்ணம் வெளிவந்தது. சபா, சரவாக் மக்களின் கருத்தை அறிய 1962-இல் கோபோல்ட் ஆணையம் அனுப்பப்பட்டது. அவர்கள் தரப்பிலிருந்து நிபந்தனைகள் வந்தன. சபாவின் 20 அம்சங்கள் என்றும், சரவாக்கின் 18 அம்சங்கள் என்றும் இன்றும் பேசப்படுபவை அவையே. 1963 சூலை 9-இல் லண்டனில் மலேசிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. செப்டம்பர் 16-இல் மலேசியா பிறந்தது. புருணை கடைசி நேரத்தில் விலகிக்கொண்டது. எண்ணெய் வருவாயும், ஆட்சியாளர்களின் வரிசையில் புருணைச் சுல்தானுக்கு உரிய இடமும் முடிவுபடாத விஷயங்களாக இருந்தன.

அந்த நிபந்தனைகள் இன்றும் உயிரோடு இருப்பதை வியாபாரிகளான நாம் நேரில் அறிவோம். கூச்சிங்கில் விமானம் இறங்கினால், மலேசியர்களான நாமும் குடிநுழைவு முகப்பில் வரிசையில் நிற்கிறோம். வருகையாளராக 90 நாள் தங்கலாம். அங்கே வேலை செய்ய வேண்டுமானால் அதற்குத் தனி உரிமம் தேவை. அங்கே கடை தொடங்கப் போன நம்மவர் ஒருவர், "சொந்த நாட்டிலேயே எனக்குப் பெர்மிட்டா?" என்று சலித்துக்கொண்டார். அவருக்கு நாம் சொன்ன பதில்: அவர்கள் அந்த நிபந்தனையோடுதான் நம்மோடு சேர்ந்தார்கள். விருந்தாளியாக வருபவர் நிபந்தனை போடமாட்டார். பங்காளியாக வருபவர்தான் போடுவார்.

பங்காளியை ஊழியனாக நடத்தினால் மனக்கசப்பு வரும். 1976-இல் அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவு மாற்றப்பட்டு, சபாவும் சரவாக்கும் மற்ற 11 மாநிலங்களோடு ஒரே வரிசையில் எழுதப்பட்டன. இது தங்களை இறக்கியதாக அம்மக்கள் நெடுங்காலம் வருந்தினர். 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது. 2022 பிப்ரவரியில் அது நடப்புக்கு வந்தது. செப்டம்பர் 16 நாடு முழுவதும் பொது விடுமுறை ஆனதே 2010 முதல்தான். கூட்டு தொடங்கி 47 ஆண்டுகள் கழித்து அதன் பிறந்த நாளைக் கொண்டாடத் தொடங்கினோம்.

சேர்ந்தவர் எல்லாரும் நிலைக்கவில்லை. 1965 ஆகஸ்ட்டு 9-இல் சிங்கப்பூர் பிரிந்தது. அதன் அரசியல் காரணங்கள் பல நூல்களில் உள்ளன. நம் குடும்பங்களில் அது எப்படி இறங்கியது என்பதை மட்டும் இங்கே சொல்வோம். அண்ணன் சிங்கப்பூர் செராங்கூன் சாலையில், தம்பி கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில், கணக்கு ஒன்று என்று நடந்த கடைகள் பல. கோடு விழுந்ததும் சகோதரர்கள் இரண்டு நாட்டுக் குடிமக்கள். 1967-இல் எல்லையைக் கடக்கப் பாஸ்போர்ட் தேவையாயிற்று. அதே ஆண்டு சூன் 12-இல் இரு நாடுகளும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. நல்ல வேளையாக இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்ற மதிப்பில் இரு பக்கமும் செல்லுபடியாயின. அந்த ஏற்பாடும் 1973 மே மாதம் முடிந்தது. ஒரு பேரேடு இரண்டு பேரேடானது.

அதே காலத்தில் இன்னொரு அடியும் விழுந்தது. 1968-இல் வந்த சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்கள் வேலைக்கு உரிமம் பெற வேண்டியதாயிற்று. நீல அட்டை இருந்தவர் நிலைத்தார். சிவப்பு அட்டைக்காரர் தவித்தார். 'அடுத்த வருஷம் மனுப் போடலாம்' என்று தள்ளிப்போட்ட பலர் ரஜூலா கப்பலில் ஏறி நாகப்பட்டினம் திரும்பினர். நாடுகள் கூடுவதும் பிரிவதும் அரண்மனையிலும் நாடாளுமன்றத்திலும் நடக்கின்றன. அதன் கணக்கு நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் அட்டையில் முடிகிறது.

அம்பாங் நடுவே ஒரு கோடு

1974 பிப்ரவரி 1-இல் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரித்துக் கூட்டரசுப் பிரதேசமாக்கப்பட்டது. நாட்டின் தலைநகருக்காக சிலாங்கூர் தன் தலைநகரையே கொடுத்தது. கூட்டரசு நெடுஞ்சாலையில் நிற்கும் கோத்தா டாருல் எஹ்சான் வளைவு அந்த நினைவாக எழுந்ததுதான். அதைத் தாண்டிப் போகும் நம் பிள்ளைகளுக்கு அது அலங்கார வளைவு. விவரம் தெரிந்தவர்களுக்கு, ஒரு மாநிலம் நாட்டுக்காகத் தன் நெஞ்சில் ஒரு பகுதியைக் கழற்றித் தந்ததன் அடையாளம்.

அந்தக் கோடு ஜாலான் அம்பாங்கையும் வெட்டிச் சென்றது. அது போட்ட மை காயும் முன்பே தொடங்கப்பட்டது நம் சங்கம். அதனால் இரண்டு பக்கத்தாரும் ஒரே சங்கத்தில் இருக்கிறோம். நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் ஜகாத்தைச் சிலாங்கூருக்கும், மீதிப் பேர் கூட்டரசுப் பிரதேசத்துக்கும் செலுத்துகிறார்கள். கிளந்தான், திரெங்கானு, கெடா வாடிக்கையாளர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்தே சரக்கு அனுப்புகிறோம். ஜொகூர் 2014 முதல் அப்படி இருந்துவிட்டு, 2025 சனவரியிலிருந்து சனி ஞாயிறுக்குத் திரும்பியது. ஆனால் நோன்பு 29 ஆனதும் இரவில் நாம் எல்லோரும் ஒரே தொலைக்காட்சி முன் உட்காருகிறோம். ஆட்சியாளர்களின் முத்திரைக் காப்பாளர் தோன்றி, ஆட்சியாளர்களின் இசைவோடு பெருநாளை அறிவிக்கிறார். ஜகாத் மாநிலத்துக்கு மாநிலம். பெருநாள் அனைவருக்கும் ஒன்று. எதைப் பிரித்து வைப்பது, எதைச் சேர்த்து வைப்பது என்ற கூட்டாட்சியின் கணக்கு முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

நமக்குள் இருக்கும் நாடுகள்

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழ் முஸ்லிம்களான நாமும் பல நாடுகள் சேர்ந்த கூட்டம்தான். கடையநல்லூரார், தென்காசியார், நாகூரார், பனைக்குளத்தார் என்று ஊர் பெயரில் கூடுவது நம் பழக்கம். சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-லேயே தொடங்கப்பட்டது. ஊர்ச் சங்கம் இல்லாதிருந்தால், கப்பலிலிருந்து இறங்கிய எத்தனையோ பேருக்கு முதல் இரவு படுக்கத் திண்ணை கிடைத்திராது. மையத்தை அடக்கம் செய்ய நாலு தோள் கிடைத்திராது.

இப்போது நம்மிடையே இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஊர்ச் சங்கங்களையெல்லாம் கலைத்துவிட்டு ஒரே அமைப்பாகிவிட வேண்டும் என்பது ஒன்று. பெரும்பாலும் எங்கள் வயதுக்காரர்களின் குரல் இது. இன்னொரு ஊராரோடு ஒரே மேசையில் உட்காரவும் மனமில்லாத குரல் மற்றொன்று. பள்ளிவாசல் நிர்வாகத் தேர்தல் நாளன்று இரண்டு குரலும் உரக்கக் கேட்கும். பொன்விழா மண்டபத்தில் எந்த ஊர்ப் பெயர் முதலில் எழுதப்பட வேண்டும் என்பதற்கே மூன்று கூட்டம் போட்டோம் என்பதை இங்கே ஒளிக்க வேண்டியதில்லை.

இரு சாராருக்கும் நம் நாட்டின் வரலாறு பதில் சொல்கிறது. கலைத்துவிடுவோம் என்பவர்கள் 1946-ஐ நினைக்கட்டும். கேட்காமல் கட்டிய வீடு இரண்டு ஆண்டு கூட நிற்கவில்லை. சேரமாட்டோம் என்பவர்கள் 1873-ஐ நினைக்கட்டும். தனித்தனியே நின்ற நாடுகள் அடுத்தவர் படையைக் கூப்பிட்டன, கடைசியில் மூன்றாமவர் வந்து நாற்காலியில் அமர்ந்தார். இடையில் ஒரு வழி இருக்கிறது. ஊர்ச் சங்கம் ஊர்ச் சங்கமாகவே இருக்கட்டும். கல்வி நிதி, மையத்து உதவி, அரசாங்கத்தோடு பேசுதல் ஆகிய மூன்றையும் பொதுவில் வைப்போம். எது பொது, எது அவரவருக்கு என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்திடுவோம். தலைமை நாற்காலி ஊர் ஊராகச் சுற்றி வரட்டும். பத்துக் குடும்பமே உள்ள சிறிய ஊருக்கும் பெர்லிஸைப் போல முறை வரட்டும். சேரும்போது ஒருவர் கேட்ட நிபந்தனையை முப்பது ஆண்டு கழித்து மறந்துவிடாதிருப்போம்.

இது நமக்குப் புதிய வழியும் அல்ல. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 622-இல் மதீனா வந்தபின் செய்த முதற்பணிகளில் ஒன்று, மக்காவிலிருந்து வந்தவர்கள், மதீனாவின் குலங்கள், அங்கிருந்த யூதக் குலங்கள் ஆகிய எல்லோருக்கும் இடையில் ஓர் எழுத்து உடன்படிக்கை ஏற்படுத்தியது. குலங்கள் தங்கள் பெயரோடும் தங்கள் பொறுப்புகளோடும் நீடித்தன. ஊரைக் காப்பது எல்லோர் கடமையும் ஆனது. கூட்டாட்சி என்ற சொல் வருவதற்கு முன்பே அதன் பொருள் மதீனாவில் இருந்தது.

முதலில் சொன்ன நிக்காஹுக்குத் திரும்புகிறோம். இரண்டு இலாகாக்களின் தாள்களும் சில வாரங்களில் வந்தன. பெண் வீட்டில் ஒரே சபையில் நிக்காஹ் நடந்தது. பிரியாணிப் பந்தியில் பெரியத்தாவிடம் இந்தக் கட்டுரையில் உள்ள கதையைச் சுருக்கிச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ இரண்டு நாட்டுக் கல்யாணம்தான். சரி, இரண்டு நாட்டுக்கும் சேர்த்தே துஆ கேட்போம்" என்று கை ஏந்தினார்.

நாமும் ஏந்துகிறோம். இந்த நாட்டைக் கூட்டிவைத்த வல்ல இறைவன், அதன் ஒவ்வொரு மாநிலத்துக்கும் அருள் பொழிவானாக. அம்பாங்கின் இரு பக்கத்தாரையும் ஐம்பது ஆண்டுகள் ஒரே சங்கத்தில் வைத்த அவன், இனிவரும் ஆண்டுகளிலும் நம்மை ஒன்றாக வைப்பானாக. ஆமீன்.